நியூமார்க்கெட் மண் கைக்கு வந்தது

மத்திகிரி, பங்குனி 10

அன்புள்ள முனிராஜ்,

நலம். நீயும் தங்கச்சியும் சுகம்தானே? இங்கே மாமரங்களில் பிஞ்சு இறங்கியிருக்கிறது. எனக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை.

உன் மகன் இங்கிலாந்தின் குதிரைப் பந்தய ஊரான நியூமார்க்கெட்டிலிருந்து கொண்டுவந்த பொட்டலம் கிடைத்தது. பந்தயத் தளத்துக்குப் போடும் பாலிட்ராக் என்ற செயற்கை மண்ணை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். மணல்தான், ஆனால் மெழுகு பூசிய மணல். நடுநடுவே நார், ரப்பர்த் துணுக்கு. பிடித்தால் கொழுக்கட்டை மாவு மாதிரி பிடி நிற்கிறது. ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன், சேறாகவே இல்லை, அடியில் வடிந்துவிட்டது. பிறகு தாளோடு திண்ணை வெயிலில் வைத்தேன். மத்தியானத்துக்குள் இளகிப் பிசுபிசுத்தது. காலையில் ஒரு தளம், மத்தியானம் ஒரு தளம் என்று கலிபோர்னியாவில் பயிற்சியாளர்கள் குறைப்பட்டதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

அங்கே பெரிய பந்தய மைதானங்கள் எல்லாம் இந்த மாதிரிச் செயற்கைத் தளத்துக்கு மாற வேண்டும் என்று 2006இல் உத்தரவே போட்டார்கள். சான்டா அனிட்டா மைதானத்தில் 2008 ஜனவரி மழைக்குத் தண்ணீர் வடியாமல் பந்தயங்கள் ரத்தாயின. 2010இல் மண்தளத்துக்கே திரும்பினார்கள். 2014இல் அமெரிக்காவின் கீன்லேண்ட், துபாயின் மெய்தான் மைதானங்கள் இரண்டும் அதே வழியில் போயின.

எனக்கு இதுதான் ஆறவில்லை, முனிராஜ். அமெரிக்க ஜாக்கி கிளப் கணக்குப்படி 2023இல் ஆயிரம் ஓட்டத்துக்குக் குதிரைச் சாவு மண்தளத்தில் 1.43, செயற்கைத் தளத்தில் 0.97. வடிகால் சரியில்லை என்றால் வடிகாலைத்தானே சரிசெய்ய வேண்டும்?

நம் லாயத்துச் செவலைக் குட்டி ஞாபகம் இருக்கிறதா? மழை விட்ட மறுநாள் காலை ஓட்டத்தில் முன்னங்கால் முறிந்தது. டாக்டர் வரும்வரை நீ கழுத்தைப் பிடித்துக்கொண்டாய், நான் தார்ப்பாய் பிடித்தேன். அது என் கையை நக்கிக்கொண்டே இருந்தது. முந்தின வாரம்தான் அதற்கு லாடம் அடித்திருந்தேன். தளம் அதிர்வைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டிருந்தால் தப்பியிருக்குமோ என்று இந்த மண்ணைப் பிடித்தபோது தோன்றியது.

நம் ஊர் வெயிலுக்கு அவர்கள் மெழுகு ஆகாது, சூட்டுக்கு இளகாத மெழுகாகப் பார்க்க வேண்டும். மகனிடம் இரண்டு விஷயம் கேட்டு எழுது: தளத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளறிச் சமப்படுத்துகிறார்கள், எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மெழுகு சேர்க்கிறார்கள்.

மாம்பழம் பழுக்கும்போது இரண்டு பேரும் வாருங்கள். 1824இல் கம்பெனிக்காரர்கள் குதிரை வளர்க்கத் தொடங்கிய பண்ணைப் பக்கம் சாயங்காலம் நடந்துவிட்டு வரலாம்.

இப்படிக்கு,
மாதையன்