புதன் இரவு ஏழு மணிக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

போன புதன்கிழமை இரவு ஏழு மணிக்கு எங்கள் ஒழுங்கையில் முன்வீடு, பின்வீடு, மூலைவீடு எல்லாவற்றிலும் ஒரே குரல் கேட்டது. கதைத்தது பக்கத்து வீட்டு ஆச்சி. தன் குரல் றேடியோவில் வந்ததும் ஆச்சிக்கு வெட்கம் வந்துவிட்டது. குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்தபடி நின்றவர், எல்லாம் முடிந்த பிறகுதான் வெளியே வந்தார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "நான் இருமினதை வெட்டேல்லையோ?"

வெட்டவில்லை ஆச்சி. வெட்டாமல் போக வேண்டும் என்பதற்காகத்தான் ஒன்றரை வருடம் அலைந்தோம்.

எங்கள் ஆட்கள் சொந்தக் குரலில் கதைக்க வானொலியில் நேரம் கேட்டு அலைந்த அந்த அலைச்சலில் கூட வந்தவர்களுக்கு இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் சொல்லிவிட்டதால் யாருடைய பெயரும் இதில் இல்லை. வாசிக்கும்போது "இது நான்தான்" என்று உங்களுக்கே தெரியும். வானொலி நிலையத்தின் பெயரையும் விட்டுவிடுகிறேன். அவர்கள்மேல் எங்களுக்கு மனத்தாங்கலும் உண்டு, நன்றியும் உண்டு.

எங்கள் குழுவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நகரத்துத் தெருக்களைக் கூட்டுகிற குடும்பங்கள் இருக்கிறோம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, இப்போது சோனகதெருப் பக்கம் திரும்பி வந்திருக்கும் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கிறார்கள். அதே 1990 இல் மயிலிட்டியை விட்டு ஓடி, 2017 இல் துறைமுகம் விடுபடும்வரை முகாமிலும் வாடகை வீட்டிலும் காலம் தள்ளிய கடற்றொழில் குடும்பங்களும், சக்கர நாற்காலியில் இருக்கும் சிலரும் இருக்கிறார்கள். எங்களில் பாதிப் பேருடைய சாதியை இங்கே எழுதப்போவதில்லை. யாழ்ப்பாணத்தில் அதற்குத் தேவையும் இல்லை. "எந்தப் பக்கம்?" என்று கேட்பார்கள். ஒழுங்கையின் பெயரைச் சொன்னதும் கேட்டவரின் முகத்தில் சின்னதாய் ஒரு மாற்றம் வரும். அதைப் பார்த்தே வளர்ந்தோம்.

முதல் நன்றி றேடியோ திருத்துகிற ஐயாவுக்கு. போர்க்காலத்தில் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் கொடுத்துத்தான் செய்தி கேட்டோம். எங்கள் ஒழுங்கையில் அந்த வயரைப் பொருத்தித் தந்தவர் இவர். பெடல் சுற்றுவது சிறுமியாய் இருந்த என்னுடைய வேலை. கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தேய்ந்து போகும், பெரியவர்கள் "சுத்தடி!" என்று கத்துவார்கள். யாரோ கதைப்பதைக் கேட்பதற்காக அவ்வளவு பாடுபட்டிருக்கிறோம். இந்த முறை ஐயா வீடு வீடாய் வந்து, பரணில் கிடந்த செற்றுகளை எல்லாம் உதிரிப்பாகக் காசு மட்டும் வாங்கிக்கொண்டு திருத்தித் தந்தார். "இப்ப எல்லாரும் போனிலதானே கேக்கினம்" என்று சிலர் சிரித்தார்கள். டேற்றாவுக்குக் காசு யார் கட்டுவது? 2022 இல் ஒரு நாளைக்குப் 13 மணிநேரம்கூடக் கரண்ட் நின்றபோது வாய் திறந்தது பற்றரி போட்ட றேடியோதான்.

அடுத்தது, கொப்பி எழுதின பிள்ளைகளுக்கு. அந்த நிலையத்தில் தினமும் 'சமுதாய நேரம்' என்று ஒன்று உண்டு. நாங்கள் நேரம் கேட்டுப் போனபோது, "உங்களைப் பற்றி அடிக்கடி செய்யிறம்தானே" என்றார்கள். பொய்யில்லை, செய்தார்கள்தான். மே தினத்துக்குச் செய்தார்கள், மாற்றுத்திறனாளிகள் தினத்துக்குச் செய்தார்கள். எங்களைப் பற்றி அதிகாரி கதைத்தார், விரிவுரையாளர் கதைத்தார், சுவாமியார் ஒருவரும் கதைத்தார். எங்கள் ஆட்களின் குரல் வந்தால் கொஞ்ச செக்கன், அதுவும் அழுகிற இடம்.

அதை எப்படி அவர்களுக்குக் காட்டுவது என்று தெரியாமல் இருந்தபோது, ஏ.எல். படிக்கிற ஒரு பிள்ளை சீ.ஆர். கொப்பியில் கோடு அடித்துக்கொண்டு வந்தாள். யார் கதைத்தது, எந்த ஊர், எத்தனை நிமிடம், சொந்தக் குரலா, அறிவிப்பாளர் வாசித்ததா. மூன்று மாதம் முறை வைத்துக் கேட்டு எழுதினார்கள். எழுதத் தெரியாத அம்மாமார் கேட்டுச் சொன்னார்கள், பிள்ளைகள் எழுதினார்கள். இரண்டு கொப்பி நிரம்பியது. எங்கள் ஆட்கள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டார்கள். அந்தப் பக்கத்தை விரித்து மேசையில் வைத்தபோது அறையில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு ஒரு நேரம் தந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை.

என் அம்மா தெருக் கூட்டியவர். விடிய நாலு மணிக்கே எழும்பிப் போவார். காலை பத்தரைக்கு எங்கள் ஆட்கள் தெருவில், மீன் விற்கிற பெண்கள் சந்தையில், கூலிக்குப் போனவர்கள் வெங்காயத் தோட்டத்தில். கதைக்கவும் ஆள் இல்லை, கேட்கவும் ஆள் இல்லை. பந்தியில் இருத்திவிட்டு இலை போடாமல் போன மாதிரி. சாதி பாராமல் சம ஆசனம், சம போசனம் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது விளங்காமல் போகுமா? "வேண்டாம்" என்று எழும்பி வந்தோம். கிடைத்ததையும் கெடுத்துவிட்டோமோ என்று அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை.

அந்த நேரத்தில் கைகொடுத்தவர் சட்ட உதவி வேலை செய்கிற தங்கச்சி. ஒரு தீர்ப்பின் பிரதியோடு வந்தார். இலங்கை வானொலியில் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்று போய்க்கொண்டிருந்து திடீரென நிறுத்தப்பட்டது. அதில் பங்குகொண்டு கேட்டு வந்த ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். பங்கேற்கும் நேயர் என்ற வகையில் அவருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று 1996 இல் தீர்ப்பு வந்தது. அடுத்த வருடம், ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் பற்றிய வழக்கில், அலைவரிசை பொதுச் சொத்து என்று அதே நீதிமன்றம் சொன்னது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் அள்ளுண்டு போய் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் நாங்கள் திரிந்த காலத்தில், கொழும்பில் ஒருவர் றேடியோ கேட்கிற உரிமைக்காக வழக்கு வைத்து வென்றிருக்கிறார். வாசித்தபோது சிரிப்பதா, பொறாமைப்படுவதா என்று தெரியவில்லை.

தங்கச்சி இன்னொன்றும் சொன்னார். "அக்கா, அது அரச வானொலிமேல வந்த தீர்ப்பு. இவையள நேரடியாக் கட்டாது. வழக்கு எண்டு வெருட்டாதேங்கோ. கொப்பியையும் இதையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுக் கதையுங்கோ." அப்படியே செய்தோம். ஒரு சதம் வாங்காத அவருக்கு எங்கள் எல்லோருடைய நன்றியும்.

சொந்தமாக ஒரு நிலையமே தொடங்கலாமே என்றும் சிலர் கேட்டீர்கள். 1981 இல் மகாவலி சமுதாய வானொலியும் 1989 இல் கொத்மலை வானொலியும் தொடங்கிய நாடுதான் இது. இரண்டுமே அரச கூட்டுத்தாபனத்தின் கீழே வந்தவை. எங்களைப் போன்றவர்கள் போய்க் கேட்பதற்குச் சமுதாய வானொலிக்கென்று தனி உரிமம் சட்டத்தில் இல்லை. அதனால்தான் இருக்கிற இடத்தில் பங்கு கேட்டோம். ஆனாலும் பல்கலைக்கழகத் தம்பி ஒருவர் மடிக்கணினியில் கொண்டுவந்து காட்டிய படங்கள் எங்களை உசுப்பிவிட்டன. இந்தியாவில் தெலுங்கு பேசுகிற மேடக் மாவட்டத்தில் 2008 இல் தொடங்கிய சங்கம் வானொலி. நடத்துவது தலித் பெண்கள். ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்த பெண்ணைப் பார்த்துவிட்டு எங்கள் மாமி ஒருவர், "இவ என்னைப் போலத்தானே இருக்கிறா" என்றார். தமிழ்நாட்டுப் பாம்பனில் 2016 இல் மீனவர்களுக்கென்று வந்த கடல் ஓசை வானொலியைப் பற்றியும் தம்பி சொன்னார். அந்தக் கரை இழுவைப் படகுகளோடு மயிலிட்டி அண்ணாமாருக்கு இருக்கிற கோபம் வேறு கதை. "றேடியோ விசயத்தில மட்டும் அவங்கள் கெட்டிக்காரர்" என்று ஒத்துக்கொண்டார்கள்.

கடைசியில் புதன் இரவு ஏழு மணி, அரை மணிநேரம், ஆறு மாதத்துக்கு என்று முடிவானது.

ஒலிப்பதிவுக்கு அறை தந்த பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு நன்றி. அஸர், மஃரிப் என்ற பின்னேர, அந்தித் தொழுகைகளுக்கு இடையில்தான் பதிவு. அதற்குள் கோயில் லவுட்ஸ்பீக்கர், தேவாலய மணி, பாண்காரரின் ஓட்டோப் பாட்டு எல்லாம் வந்துபோகும். அவற்றுக்கு நடுவில் ஆச்சியின் கதையை எடுத்துத் தொகுத்தவர் கண் தெரியாத ஒரு தம்பி. கணினித் திரையை வாசித்துச் சொல்கிற இலவச மென்பொருளைக் காதில் மாட்டிக்கொண்டு, எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது என்று குரலை மட்டும் வைத்தே வேலை செய்கிறார். பாண்காரரை மட்டும் எடுத்துவிட்டு ஆச்சியின் இருமலை விட்டதும் அவர்தான். "இருமலும் கதையில இருக்குது அக்கா" என்றார்.

அந்தக் கதையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆச்சியின் தமையன் 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் முற்றவெளிக்குப் போன தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தில் நடந்தவர். பொலிஸ் அடித்த அடியோடு வீட்டுக்கு வந்தவருக்கு ஆச்சி ஒத்தடம் கொடுத்திருக்கிறார். தேத்தண்ணிக் கடையில் மற்றவர்களுக்கு மூக்குப்பேணி, தங்களுக்குப் போத்தல் என்று இருந்ததையும் சொன்னார். சாதி பார்த்து ஒதுக்குவதைத் தடுக்கிற சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது. போத்தல் போவதற்கு அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் எடுத்தது. ஆச்சி இதைச் சொன்னது கோபமாய் இல்லை. போத்தலின் நிறத்தை, அதன் கழுத்தில் கட்டியிருந்த கயிற்றை, கடையில் எந்த மூலையில் அது தொங்கியது என்பதை எல்லாம் ஒவ்வொன்றாய்ச் சொன்னார்.

நிலையத்தின் தயாரிப்பாளருக்கும் நன்றி. முதல் நாள் அவர் ஆச்சியிடம், "அம்மா, கொஞ்சம் திருத்தமாய்ச் சொல்லுங்கோ" என்று உச்சரிப்பைத் திருத்தப் பார்த்தார். எங்கள் வானொலித் தமிழின் பெருமையில் ஊறியவர், பிழை சொல்ல முடியாது. ஆச்சி வாயை மூடிக்கொண்டார், பத்து நிமிடம் ஒரு சொல் வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு அவரே, "சரி அம்மா, வீட்டில கதைக்கிற மாதிரியே கதையுங்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். அப்படி வெளியே போய் நிற்கத் தெரிந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

இனி எழுதக் கஷ்டமான இடம். எங்கள் குழுவில் ஒரு திருநங்கைத் தங்கை இருக்கிறாள். கொப்பி எழுதியதிலும் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்ததிலும் அவள் பங்கு பெரிது. ஆனால் முதல் நான்கு வாரத்துக்கு ஆள் பிரித்தபோது, "இப்பவே வேண்டாம், சனம் றேடியோவை நிப்பாட்டிப்போடும்" என்று எங்களுக்குள்ளேயே சொன்னார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். செவ்வாய் காலை பத்தரையைத் தூக்கி எறிந்த நாங்கள்தான் அவளுக்கு அதைவிட மோசமான நேரத்தைக் கொடுத்தோம். தங்கச்சி, இதை எல்லோருக்கும் முன்னால் எழுத வேண்டும் என்று நினைத்தேன். வருகிற புதன் உன்னுடையது. முழு அரை மணிநேரமும். யார் றேடியோவை நிப்பாட்டுகிறார்கள் என்று பார்ப்போம்.

நிலையத்துக்கு ஒரு சொல். நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கள் நேரத்தை எடுத்துவிட்டு நேரடி வர்ணனை போடுவதாய்ச் சொல்லியிருக்கிறீர்கள். கந்தன்மேல் எங்களுக்கும் பக்தி உண்டு. ஆனால் விளம்பர நேரத்தை எடுக்காமல் எங்களுடையதை ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டுக் கடிதம் ஒன்று வருகிறது. கொப்பியும் கூட வரும். மூன்றாவது கொப்பியில் இப்போது பாதிவரை எழுதியாகிவிட்டது.

பள்ளிவாசல் அண்ணாவுக்கு: உங்கள் பாய் இரண்டும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. ஜும்ஆவுக்கு முன்னம் கொண்டுவந்து தருகிறேன்.

புதன் நிகழ்ச்சிக் குழுவின் சார்பில்,
கொப்பிகளுக்குப் பொறுப்பான அக்கா
யாழ்ப்பாணம்