கையிருப்பு ஐந்தரை ஜோடி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பாலாற்றில் தண்ணீர் ஓடினால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுகிற ஊரில் ஸ்கூபா சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஆண்டும் நம்மிடம் பதில் இல்லை. குழுக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் அம்மா வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது ஃபின் (நீந்தக் காலில் மாட்டும் துடுப்பு) விவகாரம்.

தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஆறு ஜோடியையும் ஒரே மாடலில், ஒரே அளவில் வாங்கியது நான்தான். கனமான கறுப்பு ரப்பர், குதிகால் திறந்த வகை, பின்னால் ஸ்பிரிங் பட்டை. நீரோட்டத்தை எதிர்க்க நல்லது என்றார்கள். அது பொய்யில்லை. யார் காலில் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

புதுச்சேரிக் கடலில் முதல் முழுக்கிலேயே மூத்த உறுப்பினர் ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஃபின் நுனியைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, நீவிவிட்டுத்தான் மேலே வந்தார். நம்மில் பாதிப் பேர் சுரைக்குடுவை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். முழங்காலை மடக்கி சைக்கிள் மிதிப்போம். அப்படி மிதித்தால் எந்த ஃபினும் தள்ளாது. இடுப்பிலிருந்து கால் வீச வேண்டும். முழங்கால் தொந்தரவு உள்ளவர்களுக்கு நடுவில் பிளந்த ஃபின் சுகம், உதைக்க லேசாக இருக்கும். ஆனால் தவளை மாதிரி உதைக்கவோ பின்னோக்கி நகரவோ அது அவ்வளவாக ஒத்துழைக்காது.

வண்டல் தரையில் தவளை உதைதான் மரியாதை. காலை மேலும் கீழும் அடித்தால் சேறு கிளம்பி, பின்னால் வருகிறவருக்குக் கண் தெரியாது. நம் கேமராக்காரருக்கு அதனால்தான் குட்டையான, விறைப்பான அந்த ரப்பர் ஃபின் பிடித்துப்போனது. திருப்பித் தர மறுக்கிறார். அதே கனம், நீந்தும்போது கால் தாழ்ந்துபோகிறவரை இன்னும் கீழே இழுக்கும். அவருக்கு லேசான பிளாஸ்டிக் நல்லது.

வெதுவெதுப்பான தண்ணீரில் படகிலிருந்தே இறங்குபவருக்கு, குதிகாலையும் மூடும் முழுப் பாத ஃபின் போதும். கல்லும் சிப்பியும் மிதித்துக் கரையிலிருந்து இறங்குபவர் பூட்டீஸ் (ஃபினுக்குள் போடும் ரப்பர் காலணி) போட்டுத்தான் ஆக வேண்டும். அவருக்குக் குதிகால் திறந்தது சரி. அப்புறம், அளவு பார்க்கும்போதே பூட்டீஸ் மாட்டியிருக்க வேண்டும். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் ஊருக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகின்றன. பக்கத்தில் இருந்துகொண்டு, கால் அளவு பார்க்காமல் வாங்கியது எனக்கே வெட்கம்.

பொருளாளர் அம்மாவின் சின்னப் பாதம் நான் வாங்கிய ஃபினுக்குள் லொடலொடவென்று ஆடியது. இரண்டு சாக்ஸ் போட்டும் படகு ஏணியில் கால் வைக்கும்போது ஒன்று கழன்றது. மிதக்கும் என்று நினைத்தோம். கல்லாட்டம் போய்விட்டது.

இனி உறுப்பினர்கள் வாடகைக்கு எடுத்து இரண்டு மூன்று முழுக்காவது போட்டுப் பார்த்து, அவரவர் காலுக்கு அவரவரே வாங்குவது என்று குழு முடிவு செய்துள்ளது. கையிருப்பில் ‘ஃபின், ஐந்தரை ஜோடி’ என்று எழுதியதைப் பொருளாளர் அம்மா ஆட்சேபிக்கிறார். ஐந்தரைதான்.

வேலூர்
செயலாளர்