பேரனை ஒரே ஆசானிடம் ஒப்படைக்கும் முன்

கல்லடி, மட்டக்களப்பு

அன்புள்ள மகளுக்கு,

பேரனைப் பாடசாலையிலிருந்து விலக்கி, இலக்கியம், வரலாறு, கணிதம், இசை, விஞ்ஞானம் அனைத்தையும் முழுநேரமாக ஒரே வழிகாட்டியிடம் பயில விடப்போவதாக எழுதியிருந்தாய். வீட்டிலோ வேறிடத்திலோ திருப்தியான கல்வி பெறும் பிள்ளை பாடசாலைக்கு வரத் தேவையில்லை என்று நீங்கள் இருக்கும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டமே இடம் தருகிறது. அப்பாதான் கவலைப்படுகிறார். எனக்கு உன் எண்ணம் பிடித்திருக்கிறது. ஏன் என்பதையும், எதற்கு அஞ்சுகிறேன் என்பதையும் எழுதுகிறேன்.

2011 ஜனவரி வெள்ளத்தின்போது, வகுப்பறைகளில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்ததால், அயல்வீட்டுப் பையனை நம் விறாந்தையில் தனியே இருத்திப் படிப்பித்தேன். நாற்பது பிள்ளைகள் இருந்த என் வகுப்பில் இரண்டு வருடம் முன்வாங்கில் இருந்தவன் அவன். தமிழ்ப் பாடத்தைத் தடங்கலின்றி வாசிப்பான். அன்று பழைய பத்திரிகைத் துண்டொன்றைக் கையில் கொடுத்தேன். முதற்சொல்லில் விரலை வைத்தவன் அதை எடுக்கவே இல்லை. மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுப் பாடமாக்கித்தான் அத்தனை நாளும் ஒப்பித்திருக்கிறான். கண்முன்னே இருந்த பிள்ளையை நான் காணாமல் விட்ட அந்த இரண்டு வருடம் இன்றும் என்னை வருத்துகிறது.

பிறகு மூன்று கிழமை, காலைதோறும் வேலிக்கம்பில் நீர் எத்தனை அங்குலம் வடிந்தது என்று அளந்தோம். அதிலிருந்து கழித்தல் வந்தது. நீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி உன்னிச்சைக் குளத்துக்கும், எங்கே போகும் என்ற கேள்வி வாவி நீர் கடலுக்கு ஓட முகத்துவாரத்தை வெட்டிவிடும் வழக்கத்துக்கும் கொண்டுபோயின. நாற்பது நிமிடப் பாடவேளைகள் கூறுபோட்டு வைத்திருப்பவை ஒரு பிள்ளையின் கேள்வியில் தாமாகவே சேர்ந்துகொள்கின்றன. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் பழந்தமிழ் இசையை ஆராயும் யாழ் நூலைத் தந்ததும், கணிதமும் இசையும் சிலப்பதிகாரமும் அவர் ஒருவரிடத்தில் கூடியிருந்ததால்தான்.

1984இல் அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் எழுதிய ஆய்வுக் கட்டுரையை நீ குறிப்பிட்டிருந்தாய். தனியே கற்பிக்கப்பட்ட சராசரி மாணவன், ஏறத்தாழ முப்பது பேர் வகுப்பில் கற்றவர்களில் 98 சதவீதத்தினரை விஞ்சினான் என்பது உண்மையே. ஆனால் அது சில வாரங்களுக்கு, குறித்த சில பாடங்களில் நடந்தது. பிற்கால ஆய்வுகள் அத்தனை பெரிய வேறுபாட்டைக் காணவுமில்லை. ஒரு பிள்ளைப்பருவம் முழுவதற்கும் அதைச் சான்றாக வைக்காதே.

என் அச்சம் வேறு. ஆங்கிலேயத் தத்துவஞானி ஜோன் ஸ்டூவர்ட் மில்லுக்கு அவர் தந்தையே ஆசான். தந்தை எழுதிக்கொண்டிருந்த அதே மேசையில் இருந்து, தெரியாத கிரேக்கச் சொற்களை அவரிடமே கேட்டுக் கேட்டுப் படித்தார். மற்றப் பையன்களோடு பழகவிடாமல் வளர்க்கப்பட்ட அவர் இருபது வயதில், 1826இல், கடும் மனச்சோர்வில் விழுந்தார். அதனால் பின்னேரங்களில் பேரன் மற்றப் பிள்ளைகளோடு பந்தடிக்கவும் சண்டைபிடிக்கவும் வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதே. ஆசானாக வருபவர், தெரியாததைத் தெரியாது என்று அவன் முன் சொல்லி, அவனோடு சேர்ந்து தேடக்கூடியவராக இருக்கட்டும். எல்லாம் தெரிந்தவர் ஒருவரோடு நாள் முழுவதும் இருக்கும் பிள்ளை, காலப்போக்கில் அவருடைய குரலிலேயே பேசத் தொடங்கிவிடும்.

முதற்கிழமை நீ பக்கத்து அறையில் இருந்து, ஒரு மணித்தியாலத்தில் ஆசான் எவ்வளவு நேரம் பேசினார், பேரன் எவ்வளவு நேரம் பேசினான் என்று ஒரு கொப்பியில் குறித்து எனக்கு எழுது. மிச்சத்தை அதைப் பார்த்த பிறகு பேசுவோம்.

அன்புடன்,
அம்மா