ரூல்வில்லில் பஸ்ஸை நிறுத்துங்கள்: எங்கள் சங்கத்தின் சுற்றுலாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும்,

வணக்கம். லேபர் டே லாங் வீக்கெண்டுக்கான பஸ் பயணத் திட்டத்தை வாட்ஸ்ஆப்பில் பார்த்தேன். முதல் நாள் மெம்ஃபிஸ். மறுநாள் மிசிசிப்பி டெல்டா வழியாக நியூ ஆர்லியன்ஸ். நடுவில் இண்டியனோலாவில், கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் பேர்போன பி.பி. கிங்கின் அருங்காட்சியகம், ஒரு மணி நேரம். போன முறையும் இதே திட்டம்தான். போன முறையும் நான் இதையேதான் கேட்டேன்: அதே சன்ஃபிளவர் கவுண்டியில் இன்னும் இரண்டு கல்லறைகள் இருக்கின்றன, ஹோலி ரிட்ஜில் ஒன்று, ரூல்வில்லில் ஒன்று, மூன்று மணி நேரம் கூடுதலாக ஒதுக்க முடியுமா? அதற்குக் கூட்டத்தில் வந்த பதில், "சுடுகாட்டுக்குப் போயிட்டு வந்து எங்கப்பா குளிக்கிறது? குழந்தை குட்டியெல்லாம் வருது!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

போன முறை நாம் போனதே ஒரு கல்லறைக்குத்தானே? பி.பி. கிங் 2015 மே 14 அன்று லாஸ் வேகஸில் காலமானார். உடலை மெம்ஃபிஸுக்குக் கொண்டுவந்து பீல் தெருவில் ஊர்வலமாக எடுத்துச் சென்று, பிறகு சாலை வழியாகவே இண்டியனோலாவுக்குக் கொண்டுவந்தார்கள். இளவயதில் அவர் வேலை பார்த்த செங்கல் கட்டிட ஜின்னிங் மில்லையும் சேர்த்துத்தான் 2008-இல் அந்த அருங்காட்சியகத்தைத் திறந்தார்கள். அதன் வளாகத்திலேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். நாம் அங்கே நின்று குரூப் போட்டோ எடுத்தோம். வெளியே வந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். யாரும் குளிக்கவில்லை. டிக்கெட் கவுன்டரும் ஏசியும் இருந்தால் தீட்டு ஒட்டாது போலிருக்கிறது.

ஹோலி ரிட்ஜில் அதெல்லாம் இல்லை. இண்டியனோலாவுக்கு மேற்கே, 82-ஆம் நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே போனால் ஒரு ஜின்னிங் மில், அதன் பக்கத்தில் ஒரு சின்ன இடுகாடு. சுற்றிலும் வயல். சார்லி பேட்டன் அங்கேதான் இருக்கிறார். டெல்டா புளூஸ் என்று இன்று உலகம் சொல்லும் இசைக்கு முதல் பெரிய குரல் அவருடையது. 1929-இல் தொடங்கி ஐம்பதுக்கும் மேற்பட்ட பாட்டுகளைப் பதிவு செய்தார். 1927-இல் மிசிசிப்பி ஆற்று வெள்ளம் டெல்டாவையே மூழ்கடித்ததை ஒரு இசைத்தட்டின் இரண்டு பக்கத்துக்கும் நீளும்படி பாடினார். பின்னாளில் புகழ்பெற்ற புளூஸ் பாடகர் ஹௌலின் வுல்ஃப் அவரிடம்தான் கிட்டார் கற்றுக்கொண்டார். 1934 ஏப்ரல் 28 அன்று பேட்டன் இறந்தபோது எந்தப் பத்திரிகையும் அந்தச் செய்தியைப் போடவில்லை.

அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த இடத்தில் ஒரு கல்கூட இல்லை. 1990-களின் தொடக்கத்தில்தான், டெல்டா இசைக்கலைஞர்களின் புதைகுழிகளுக்குக் கல் நடவென்றே தொடங்கப்பட்ட மவுண்ட் சயன் நினைவு நிதியம் அங்கே கல் நட்டது. செலவை ஏற்றவர் பாடகர் ஜான் ஃபோகர்ட்டி. எந்த இடத்தில் நடுவது? அதைக் காட்டிக் கொடுத்தவர் இடுகாட்டைப் பார்த்துக்கொண்ட பெரியவர். பேட்டனைப் புதைத்த அன்று தானே அங்கு இருந்ததாகச் சொன்னார். ஒரு மனிதரின் ஞாபகம்தான் அந்தக் கல்லுக்கு ஆதாரம். நான் தனியாகப் போயிருந்தபோது பேட்டனின் படம் பதித்த அந்தக் கல்லின்மேல் கிட்டார் பிக்குகள், சில்லறைக் காசுகள், பாதி காலியான ஒரு விஸ்கி பாட்டில் இருந்தன. நடுகல்லுக்குப் பீலி சூட்டிக் கள் படைத்த பரம்பரை நாம். நமக்கா இது புரியாது?

ஆனால் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால், ஹோலி ரிட்ஜை விட்டுவிட்டு ரூல்வில்லைத்தான் கேட்பேன். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போராடிய ஃபேனி லூ ஹேமர் அங்கே இருக்கிறார்.

இருபது பிள்ளைகளில் கடைக்குட்டி. 1917-இல் பிறந்தவர், ஆறு வயதில் பருத்தி எடுக்கப் போனவர். பின்னாளில் ஒரு பண்ணையில் விளைச்சலில் பங்குக்கு உழுத குடும்பம். எழுதப் படிக்கத் தெரிந்ததால் அங்கே கணக்கும் பார்த்தார். 1962 ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் ஒரு பழைய பஸ்ஸில் ஏறி, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க இண்டியனோலா கோர்ட்டுக்குப் போனார்கள். தங்கள் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாதென்று வெள்ளையர்கள் 1954-இல் சிட்டிசன்ஸ் கவுன்சிலைத் தொடங்கிய ஊர் அது. பெயர் சேர்க்க வந்தவரிடம் மாநில அரசமைப்பில் ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னார்கள். குதிரைக்குக் கிறிஸ்துமஸைப் பற்றி எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் எனக்கு அந்தச் சட்டத்தைப் பற்றித் தெரியும் என்று ஹேமர் பின்னாளில் சொல்லிச் சிரித்தார். நம் கழுதையும் கற்பூரமும் மாதிரிதான். என்ன, இங்கே கழுதை என்று தன்னையே சொல்லிக்கொள்கிறார்.

திரும்பும் வழியில் போலீஸ் பஸ்ஸை மறித்தது. குற்றம் என்ன தெரியுமா? பஸ்ஸின் நிறம். ஸ்கூல் பஸ் மாதிரி ரொம்ப மஞ்சளாக இருக்கிறதாம். 100 டாலர் அபராதம் கேட்டு, கடைசியில் 30-க்கு இறங்கினார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினார்கள். உள்ளே எல்லாரும் பயந்து உட்கார்ந்திருந்தபோது ஹேமர்தான் பாடத் தொடங்கினார்.

அன்று ராத்திரியே பண்ணை முதலாளி வந்து, போய் பெயரை வாபஸ் வாங்கு, இல்லையென்றால் வெளியேறு என்றார். "உங்களுக்காக நான் பதிவு செய்யப் போகலை, எனக்காகப் போனேன்" என்று பதில் சொல்லிவிட்டு, பதினெட்டு வருஷம் வேலை செய்த இடத்தை விட்டு அன்றே கிளம்பினார். அடுத்த ஆண்டு மிசிசிப்பியின் வினோனா ஊர்ச் சிறையில் அவரை அடித்த அடியின் பாதிப்பு கடைசிவரை போகவில்லை. 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக் குழுவின் முன் அதையெல்லாம் அவர் சொன்னபோது, நேரலையிலிருந்து கேமராவைத் திருப்பவே ஜனாதிபதி ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். பலன் இல்லை, அன்று மாலைச் செய்திகளில் அந்தப் பேச்சைத் திரும்ப ஒளிபரப்பினார்கள்.

1969-இல் 40 ஏக்கர் வாங்கிக் கூட்டுறவுப் பண்ணை தொடங்கினார். அதோடு ஒரு பன்றி வங்கி. ஒரு குடும்பத்துக்குச் சினைப்பன்றி கொடுப்பார்கள். அது ஈன்றதும் குட்டிகளில் சிலவற்றைத் திருப்பித் தர வேண்டும், அவை அடுத்த வீட்டுக்குப் போகும். 1977-இல், 59 வயதில், புற்றுநோயில் இறந்தார். அந்தப் பண்ணை நிலத்திலேயே புதைத்தார்கள். இப்போது அது நினைவுத் தோட்டம், 2012-இல் சிலையும் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் கணவர். நொந்து சலித்தே நொந்து சலித்துப்போய்விட்டேன் என்கிற பொருளில் அவர் சொன்ன வாசகத்தைக் கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் பள்ளியில் அவர் பெயரைப் படிக்கிறார்கள். பஸ் ஜன்னலுக்கு வெளியே அந்த ஊர் வரும்போது அவர்கள் நாம் போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பதுதான் என் ஆதங்கம்.

வழியும் சுற்று வழி இல்லை. மெம்ஃபிஸிலிருந்து 61-ஐப் பிடித்து, கிளீவ்லண்டில் 8-க்குத் திரும்பினால் டாக்கரி பண்ணை வரும். பேட்டன் வாழ்ந்து பாடிய இடம், இறங்கி ஐந்து நிமிடம் பார்க்கலாம். அடுத்தது ரூல்வில். அங்கிருந்து 49 வெஸ்டில் தெற்கே இறங்கினால் இண்டியனோலா. 1962-இல் அந்த 18 பேர் இண்டியனோலாவுக்குப் போனதும் இதே திசையில்தான். அருங்காட்சியகம் முடித்து ஹோலி ரிட்ஜுக்குப் போய் வந்து, ஜாக்சனை நோக்கிக் கிளம்பலாம். மதியச் சாப்பாட்டை இண்டியனோலாவிலேயே வைத்துக்கொள்வோம்.

சில விஷயங்களை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஹோலி ரிட்ஜில் கழிப்பறை கிடையாது. மழை பெய்திருந்தால் அந்தக் களிமண் செருப்பை விடாது. பெரிய பஸ்ஸை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். கல்லின்மேல் இருப்பதை யாரும் நினைவுப் பொருளாக எடுத்துவரக் கூடாது. அங்கே இப்போதும் குடும்பங்கள் தங்கள் ஆட்களைப் பார்க்க வருகின்றன, அதனால் ட்ரோன் வேண்டாம்.

குளிப்பதைப் பற்றியும் விசாரித்துவிட்டேன். நியூ ஆர்லியன்ஸில் நாம் ரூம் போட்டிருக்கும் ஹோட்டலில் நீச்சல் குளம் ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்குமாம்.

இப்படிக்கு,
போன முறை கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்தவன்