சமையல் சுமை யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் உணவகத்தை நாடுவதைச் சோம்பேறித்தனம் என்று பழிப்பது நியாயமல்ல; மாலையில் களைத்து வந்தவர், அதுவும் பெரும்பாலும் பெண், மறுபடி அடுப்படியில் நிற்க வேண்டியிருப்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆயினும், பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தும் நிலையில், உணவகத் தட்டில் வருவதில் எவ்வளவு உப்பு, எத்தனை முறை காய்ந்த எண்ணெய் என்பது உண்பவருக்குத் தெரிவதில்லை. வீட்டில் அது நம் கையில் இருக்கிறது. விடுமுறை நாளில் ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து காய் நறுக்கி, சமைத்ததை 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, உண்ணும் முன் ஆவி பறக்கச் சூடாக்கினால், அடுத்த ஓரிரு நாள்களின் பாரம் வெகுவாகக் குறையும். மிகவும் களைத்த நாளில் வெளியே சாப்பிடுவதில் தவறேதுமில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்