இந்தக் கோடைக்கு சார்ல்ஸ்டன் வாங்க, அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

"அமெரிக்கா போதும்டி, நாலு சுவத்துக்குள்ள உக்காந்து டிவி பாக்கவா அவ்வளவு தூரம் வரணும்" என்று போன வாரம் போனில் சொன்னீர்கள். சிகாகோவில் அத்தான் வீட்டில் ஜனவரியையும் பிப்ரவரியையும் கழித்தவர் வேறு என்ன சொல்வீர்கள்? ஆனால் நான் இருக்கும் சார்ல்ஸ்டன், தென் கரோலினா மாநிலத்தின் கடலோரம். இங்கே கோடை வந்துவிட்டால் சமையல், சாப்பாடு, பேச்சு எல்லாம் வீட்டுக்கு வெளியேதான். பிள்ளைகளைப் பார்க்க வரத் தயங்கும் அம்மா அப்பாக்கள் உங்களைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால்தான் உங்களுக்குச் சொல்வதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

வெயிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் 33, 34 டிகிரி இருக்கும். தூத்துக்குடிக்காரருக்கு இது பெரிய விஷயமில்லை, புழுக்கமும் பழகியதுதான். பல நாள் சாயங்காலம் இடியோடு மழை கொட்டிவிட்டுப் போய்விடும். காலையில் ஒன்பது மணிக்குள்ளும் மாலையில் ஆறு மணிக்கு மேலும் தோட்டம், கடற்கரை எல்லாம் வைத்துக்கொள்ளலாம். நடுவில் இருக்கும் பொழுதுக்குத் திண்ணை இருக்கிறது. சார்ல்ஸ்டனின் பழைய வீடுகளைப் பார்த்தால் உங்களுக்குப் பிடித்துப்போகும். ஓர் அறை அகலம்தான் வீடு. குறுகிய பக்கம் தெருவைப் பார்த்திருக்கும், நீளப் பக்கம் முழுக்கத் தூண் வைத்த திண்ணை. கடற்காற்று உள்ளே வரட்டும் என்று அதைத் தெற்கோ மேற்கோ பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். திண்ணைக் கூரையின் உட்புறம் வெளிர்நீலம் அடிப்பது வழக்கம், பேய் பிசாசு அண்டாதாம். எங்கள் வீடு அவ்வளவு பழசில்லை. ஆனாலும் பின்பக்கம் வலை அடித்த போர்ச் இருக்கிறது, மேலே மின்விசிறி ஓடுகிறது. விசிறிக் காற்றை எதிர்த்துப் பறக்கும் தெம்பு கொசுவுக்கு இல்லை என்பதால் வலையில் சின்னக் கிழிசல் இருந்தாலும் அவ்வளவு பயமில்லை. மாமாவுக்கென்று ஓர் ஊஞ்சலும் மாட்டியிருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றித்தான் உங்களிடம் நிறையப் பேச வேண்டும். "பர்கரும் பீட்சாவும் நமக்கு ஆகாது" என்கிறீர்கள். இந்தக் கடற்கரையின் சொந்தச் சாப்பாடு அதுவல்ல, அத்தை. சோறு, இறால், நண்டு, வெண்டைக்காய், தட்டைப்பயறு, எள். மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விளையும் கரையிலிருந்து அடிமைகளாகப் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள்தான் இந்தச் சமையலை இங்கே வேரூன்ற வைத்தார்கள். கடல் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டு மதகு வைத்து வயலுக்கு ஆற்று நீர் பாய்ச்சும் வேலையைச் செய்ததும் அவர்கள்தான். அந்த நெல்லில் கிடைத்த பணமெல்லாம் முதலாளிகளுக்குப் போயிற்று. அந்த அடிமைகளின் வாரிசுகளான கல்லா கீச்சி மக்கள் இந்தத் தீவுகளில் இன்றும் வாழ்கிறார்கள், அவர்கள் கைப்பக்குவம்தான் இந்த ஊரின் ருசி. வெண்டைக்காயை வழவழப்புப் போக வதக்கி, அரிசியோடு சேர்த்து உதிரியாக வேக வைக்கிறார்கள். பன்றி இறைச்சி சேர்ப்பது அவர்கள் வழக்கம், நான் இறால் போட்டுச் செய்கிறேன். 'கரோலினா கோல்ட்' என்று ஒரு பழைய நெல் ரகம் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாகுபடி நின்றுபோய், 1980களில் மறுபடி விதைத்து எடுத்தார்கள். நீங்கள் வரும்போது அதில்தான் முதல் சோறு.

மவுண்ட் பிளசன்ட் பக்கம் நெடுஞ்சாலை ஓரமாக கல்லா கீச்சிப் பெண்கள் கடை போட்டு, புல்லால் பெட்டி முடைந்துகொண்டிருப்பார்கள். ஸ்வீட்கிராஸ் என்ற அந்தப் புல்லைச் சுருள் சுருளாகச் சுற்றி, பனை இனத்தைச் சேர்ந்த பால்மெட்டோவின் ஓலைக்கீற்றால் தைக்கிறார்கள். துளை போடும் கருவி, முன்பக்கம் வெட்டிய ஸ்பூன் காம்பு. அவர்கள் முன்னோர் முதலில் முடைந்தது நெல் புடைக்கும் சொளகுதான். ஓலைப்பெட்டி முடையும் கையைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள், மொழி தெரியாவிட்டாலும் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். விலை கூடத்தான். ஒரு பெட்டிக்கு எத்தனை நாள் உழைப்பு என்று பார்த்த பிறகு எனக்குப் பேரம் பேச மனம் வரவில்லை.

நண்டு பிடிக்கப் போகலாம். படகெல்லாம் வேண்டாம், கழிமுகத்துப் பலகைத்துறை போதும். கோழிக்கழுத்தை நூலில் கட்டித் தண்ணீரில் விட்டுக் காத்திருக்க வேண்டும். நூல் ஒரு பக்கமாக மெல்ல இழுபட்டால் நண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். அவசரமே கூடாது. விரல் விரலாக நூலைச் சுற்றினால் கலங்கல் தண்ணீருக்குள் நீலக்கால் தெரியும். வெளிச்சம் பட்டதும் பிடியை விட்டுவிடும். அதற்குள் இன்னொருவர் கைவலையை அடியிலிருந்து கொடுத்துத் தூக்கிவிட வேண்டும், மேலிருந்து போட்டால் நண்டு போயே போய்விடும். ஓட்டின் ஒரு முள்முனையிலிருந்து மறு முனைக்கு ஐந்து அங்குலம் இருந்தால்தான் எடுத்துவரலாம். வயிற்றில் முட்டை ஒட்டிய பெட்டையைத் திருப்பி விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம். துறையில் சேறு நாறும், சதுப்புப் புல் மக்கிய வாடை அது. இந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் சொந்த ஊர் வாசம்.

சனிக்கிழமை ஆனால் யாராவது ஒருவர் வீட்டுப் பின்புறத்தில் பெரிய அண்டா அடுப்பேறிவிடும். மசாலாத் தண்ணீர் கொதித்ததும் உருளைக்கிழங்கு, அப்புறம் தொத்திறைச்சி, மக்காச்சோளம். இறால் கடைசியில்தான், இரண்டு மூன்று நிமிடம் போதும். தண்ணீரை வடித்துவிட்டு, செய்தித்தாள் விரித்த மேசையில் அப்படியே கொட்டிவிடுவார்கள். தட்டு கிடையாது, சுற்றி நின்று கையால்தான் சாப்பிட வேண்டும். செயின்ட் ஹெலனா தீவில் இருக்கும் ஃப்ராக்மோர் என்ற ஊரின் பேரால் 'ஃப்ராக்மோர் ஸ்டூ' என்பார்கள். பேரைக் கேட்டுத் தவளை இருக்குமோ என்று பயப்பட வேண்டாம், தவளை கிடையாது. பச்சை நிலக்கடலையை உப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் அவித்துச் சாலையோரம் விற்பார்கள். 2006இல் இந்த மாநிலம் சட்டம் போட்டு அதையே தன் அதிகாரபூர்வ நொறுக்குத்தீனியாக அறிவித்துவிட்டது! மாமாவுக்கு வேறென்ன வேண்டும்?

தோட்டத்தில் எனக்கு உங்கள் உதவி வேண்டும். தக்காளியை மார்ச் கடைசியில் நட்டால் ஜூனில் பறிக்கலாம். அதன் பிறகு பல நாள் இரவுச் சூடு 24 டிகிரிக்குக் கீழே இறங்காது, பூ பூக்கும், பிஞ்சு பிடிக்காமல் உதிரும். அந்த ஜூன் தக்காளியைக் கனமாக நறுக்கி, வெள்ளை ரொட்டியில் மயோனைஸ் தடவி, உப்பும் மிளகும் தூவித் தருவேன். இந்த ஊர்க்காரர்கள் வருடம் பூராவும் காத்திருந்து சாப்பிடும் பண்டம் அது. ஜூலை, ஆகஸ்டில் வெண்டை, கத்தரி, புடலை, பாகல் எல்லாம் மணல் கலந்த இந்த மண்ணில் கொழிக்கும். வெண்டையை மூன்று அங்குலத்தில் பறித்துவிட வேண்டும், ஒரு நாள் விட்டால் முற்றிவிடும். புடலைப் பந்தல் போடத்தான் எனக்குக் கை வரவில்லை, நீங்கள் வந்து சொல்லிக்கொடுங்கள்.

ஆனால் பெட்டியில் விதை, கன்று, மாங்காய் எதுவும் வேண்டாம். விதைக்குத் தாவரநலச் சான்றிதழ் கேட்பார்கள். கறிவேப்பிலை கூடவே கூடாது. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிற பூச்சி கறிவேப்பிலையிலும் தங்குகிறது. நாங்கள் இருக்கும் கவுன்டியே (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அந்த நோய்க்கான கட்டுப்பாட்டில் இருக்கிறது, கன்றை வெளியே கொண்டுபோகவும் தடை. தொட்டியில் ஒன்று வைத்திருக்கிறேன், குழம்புக்கு அது போதும்.

சுற்றிப் பார்க்க நிறைய இருக்கிறது. ஜான்ஸ் தீவில் ஏஞ்சல் ஓக் மரம், கிளைகள் தரையில் இறங்கி மறுபடி மேலே ஏறும். வாட்மலா தீவில் 127 ஏக்கரில் தேயிலைத் தோட்டம். 1741இல் தொடங்கிய மிடில்டன் பிளேஸ் தோட்டமும் அழகுதான். ஆனால் அதன் குளத்தையும் மேட்டையும் வெட்டியவர்கள் அடிமைகள். அதனால் முதலில் உங்களை காட்ஸ்டன் துறைமுகத்துக்குக் கூட்டிப்போவேன். அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற அந்த இடத்தில் 2023இல் ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கான அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

புயலைப் பற்றி மாமா கேட்டார். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம்தான். 1989 செப்டம்பரில் வந்த ஹியூகோவை இங்கே இன்னும் பேசுகிறார்கள். எச்சரிக்கை வந்தால் உள்நாட்டுக்குப் போக நெடுஞ்சாலையின் எதிர்ப்பக்கத் தடங்களையும் நமக்கே திறந்துவிடுவார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மாடியில் இருந்து சமாளித்தவர்கள் நீங்கள், இங்கே முன்கூட்டியே கிளம்பிவிடலாம்.

மே கடைசியில் வந்தால் தக்காளியும் பீச் பழமும் கிடைக்கும், ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலமும் அதுதான். அக்டோபரில் சிப்பி எடுக்க அனுமதி திறக்கும், அதையும் சாப்பிட்டுவிட்டே போகலாம். மாமாவின் மருந்துகளுக்கு மருத்துவரிடம் ஆங்கிலத்தில் சீட்டு வாங்கி வையுங்கள். தேதியை மட்டும் சொல்லுங்கள், டிக்கெட்டை நான் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்