அந்த ஊசியை முதலில் நிறுத்து

மாப்ளே,

பத்து நாளாகப் பதில் போடாதது தப்புதான், மன்னிச்சிடு. அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? உன் மனைவி, அதான் நம்ம தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

நீ அனுப்பிய விந்துப் பரிசோதனை ரிப்போர்ட், மாத்திரை டப்பா போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரிப்போர்ட்டில் 'ஒரு மில்லிக்கு 1.2 கோடி விந்தணு, அசைவு 25 சதவீதம்' என்பதைப் பார்த்தே இடிந்துபோய்விட்டாய். மேலே பொடி எழுத்தைப் படித்தாயா? சாம்பிள் எடுத்தது 9.10, பார்த்தது 11.05. ஒரு மணி நேரத்துக்குள் பார்த்திருக்க வேண்டும். தாமதமானால் அசைவு தானாகவே குறையும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் அளவு 1.6 கோடி, அசைவு 42 சதவீதம். அதற்குக் கீழே போனால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. போன மாதம் உனக்கு அடித்த காய்ச்சலும் எண்ணிக்கையைக் குறைத்திருக்கும். இன்னொரு தடவை கொடு. 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, லேபிலேயே கொடு. முதலில் வரும் பாகத்தில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்தினால் கூச்சப்படாமல் சொல்லிவிடு.

இப்போது மாத்திரை. ரெண்டு டப்பாவிலும் ஜிங்க் இருக்கிறதுடா! ஒன்றில் 30, இன்னொன்றில் 25, ஆக 55 மில்லிகிராம். ஒரு நாளைக்கு 40-ஐத் தாண்டக்கூடாது. மாசக்கணக்கில் தாண்டினால் உடம்பில் தாமிரம் குறைந்து ரத்தசோகை வரும், கால் மரத்துப்போகும். அமெரிக்காவில் 2,370 ஆண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்து 2020-இல் முடிவு வந்தது. பாதிப் பேருக்கு 6 மாதம் தினமும் ஜிங்க் 30 மில்லிகிராம், ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமின் 5 மில்லிகிராம். குழந்தை பிறந்த விகிதத்தில் வித்தியாசமே இல்லை. வயிற்றுக் கோளாறுதான் கூடியது. ரத்தத்தில் குறைபாடு தெரிந்தால் நிரப்பலாம், அவ்வளவுதான். பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கும் டப்பாவை ஹார்மோன் டெஸ்டுக்கு 3 நாள் முன்பே நிறுத்து. இல்லாவிட்டால் ரிசல்ட்டே தப்பாக வரலாம்.

எனக்குத் தூக்கம் வராதது வேறு விஷயத்தால். ஜிம்மில் நம்ம சிநேகிதன் 'கண்ணாடி' வாங்கிக் கொடுத்த டெஸ்டோஸ்டிரோன் ஊசி. ஆண்மை ஹார்மோன்தானே, நல்லதுதானே என்கிறாய். இல்லை மாப்ளே. வெளியிலிருந்து அது ஏறினதும், 'போதும்' என்று மூளை, விரையை வேலை செய்யத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களையும் நிறுத்திவிடும். விரைக்குள் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் விழும், உற்பத்தி படுத்துவிடும், அணுவே இல்லாமல் போகும் அளவுக்கு. நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாசங்கள் ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும். டாக்டரிடம் இதை மறைக்காதே. அவர் கேட்காவிட்டாலும் நீயே சொல்.

ஓர் அணு உருவாக ஏறக்குறைய 74 நாள், வெளியே வந்து சேர இன்னும் ரெண்டு வாரம். இன்று நீ செய்வது மூன்று மாதம் கழித்துத்தான் ரிப்போர்ட்டில் தெரியும். அதற்காகத் தங்கச்சியின் டெஸ்டைத் தள்ளிப்போடாதே, கூடவே நடக்கட்டும். விரைநரம்பு புடைப்பு, அதாவது விரைப்பையில் ரத்தக்குழாய் வீக்கம், இருக்கிறதா என்று நிற்கவைத்துப் பரிசோதிக்கச் சொல். படுத்தால் தெரியாமல் போகலாம்.

கண்ணாடியை நான் பார்த்துக்கொள்கிறேன். எந்த டாக்டரைப் பார்க்கிறாய் என்று ஞாயிறு போனில் சொல்.

உன்,
குட்டை